பேர் சொல்லாத மன்றாட்டு

...கிரானைட்டு படிம்மா. போன ஈஸ்டருக்குத்தான் போட்டது. அதப் போயி... செத்த நவுந்து ஒக்காருங்க, இந்தப் பைய கீழ வச்சிர்றேன். ஆங். அதப் போயி ஜேசிபி வச்சி அள்ளிக்கினு பூட்டாங்க. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இப்ப வாய்க்கா. என் வூட்டுக்குள்ள நான் போவணும்னா தாண்டணும். என்னப் பாத்தா தாண்டுற ஒடம்பாட்டமா இருக்கு?

சிதம்பரந்தான போறீங்க? நானும் அங்கதான், தங்கச்சி வூட்டுக்கு. கடலூருல இன்னிக்கு என்னால இருக்க முடியாது. சாயங்காலம் பூசை முடிஞ்சதும் எனக்கு சால்வை போடறாங்களாம். சால்வை போட்டா சந்தோஷந்தானேன்னு பாக்குறீங்க. வவுத்தெரிச்சலே அதாம்மா. கேளுங்க.

நீங்க வேதக்காரங்களா? இல்லியா, பரவால்ல, சொன்னா புரியும். எங்க கோயில்ல சமூக நீதிப் பணிக்குழுன்னு ஒண்ணு இருக்கு. ஏழைபாழைங்களுக்கு ரேஷன் கார்டு, பட்டா, தெருவெளக்குன்னு ஆபீசு ஆபீசா ஓடுற வேல. அதுக்கு நாந்தான் செயலாளரு. ஜான்சின்னு சொன்னா கலெக்டர் ஆபீசு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். எங்க வூட்டுக்காரரு ஆரோக்கியராஜு இருக்காரே, "நம்ம வூட்டுக் கொழா ஒழுவுது, அதுக்கு யார்கிட்ட மனு குடுக்கறது"ன்னு கேப்பாரு. அவரு கெடக்காரு.

கோயிலுக்குப் பின்னால பள்ளத் தெருன்னு இருக்கு. மழ பேஞ்சா முட்டி அளவு தண்ணி. அங்க முத்தம்மான்னு ஒரு பொண்ணு, மீனு விக்கிது. வானம் கறுத்தாப் போதும், கட்டில் பலகைய செங்கல்லு மேல ஏத்தி, அரிசி, புள்ளைங்க புஸ்தகம் எல்லாத்தயும் அது மேல வச்சிட்டு, அதுங்க வந்து கோயில் மண்டபத்துல படுக்கும். பாக்க சகிக்காதும்மா. அந்தத் தண்ணி எங்க தெருவு வாய்க்கா வழியாத்தான் வெளியில போவணும். எங்கியோ அடச்சிக்கினு இருக்கு. எங்க? எங்க வூட்டுக்கு எதுத்தாப்புல சுப்பிரமணியன் டீக்கடை. அடுப்பு, பெஞ்சு, கேன் எல்லாம் வெளிய நீட்டி வச்சிருப்பான். எனக்கு மட்டுமா, தெருவுக்கே தெரியும் அவன்தான் அடச்சி வச்சிருக்கான்னு.

அங்க இங்க மனு குடுத்துப் பாத்தேன். பாக்குறோம்னாங்க. அப்பத்தான் எனக்கு அந்த யோசன வந்துச்சி. வந்திருக்கக் கூடாது.

பூசையில விசுவாசிகள் மன்றாட்டுன்னு ஒண்ணு வரும். ஒருத்தரு மைக்ல நின்னு ஒவ்வொரு வேண்டுதலா படிப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஜனங்க மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சொல்லணும். அந்த ஞாயித்துக்கெழம எங்க குழு மொற. எழுதுனேன், "வாய்க்காலின் மேல் டீக்கடை நடத்தும் சுப்பிரமணியன் மனம் மாற வேண்டுமென்று"ன்னு. ஃபாதர் படிச்சிப் பாத்துட்டு, "ஏம்மா, மன்றாட்டுல ஆள் பேரெல்லாம் வரக் கூடாது, பொதுவா எழுதுங்க"ன்னாரு. பேர அடிச்சிட்டேன். "வாய்க்காலை மறித்திருப்பவர் யாராக இருந்தாலும், அந்தத் தடை விரைவில் அகற்றப்பட வேண்டுமென்று..." மைக்கக் கிட்ட இழுத்து, நல்லா அழுத்தியே படிச்சேன். ஜனங்க சொன்னாங்க பாருங்க ஒரு பதிலு, கோயிலே அதிருது. தூங்கிக்கினு இருந்த எங்க வூட்டுக்காரருகூட முழிச்சிக்கினு கேட்டருளும்ன்னாரு.

பின்னால ஞானசேகரன்னு ஒருத்தரு ஒக்காந்திருந்திருக்காரு. வாய்க்கா வேலையப் பாக்குற இன்ஜினியரு, எங்க ஊருக்குப் புதுசா மாத்தலாயி வந்தவரு. மறுநாளே டேப்பும் கம்பியுமா வந்து நிக்கிறாரு. நாந்தான் ஓடிப் போயி டீ வாங்கிக் குடுத்தேன். எங்க? சுப்பிரமணியன் கடையிலதான். பாவம், அவனுக்கு இதான் கடைசி யாவாரம்னு மனசுல நெனச்சிக்கினேன். அவரு டீயக் குடிச்சிட்டு, கம்பிய வுட்டு நோண்டிப் பாத்துட்டு, "வாய்க்கா அந்தாண்ட இல்லம்மா, இந்தாண்ட வளையுது"ன்னாரு. இந்தாண்டன்னா? என் படிக்கி அடியில.

எனக்கு எப்பிடிம்மா தெரியும்? கொத்தனாரு கேட்டாரு, இல்லன்னு சொல்லல. "அடியில ஏதோ பள்ளமா போவுதுங்களே"ன்னாரு. கல்லும் மண்ணும் கொட்டி நல்லா அடச்சிட்டு கெட்டியா போடுங்கன்னேன். படி எறங்கிடக் கூடாதுல்ல.

ஆனா ஆண்டவருக்குத் தெரியாதா, நான் மனசுல யார வச்சிக்கினு கேட்டேன்னு? பேரு இல்லன்னதும் அவரா ஒரு பேரப் போட்டுக்கினாரு.

ஜேசிபி வந்தன்னிக்கி குறுக்க படுத்திருப்பேன். எங்க படுக்கறது? ஃபாதர் நிக்கிறாரு. எங்க குழு மொத்தமும் பேனரப் புடிச்சிக்கினு நிக்கிது. பேனர்ல என் போட்டோ. சிரிச்சிக்கினே நின்னேன். அதோட வுட்டாங்களா? அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல ஃபாதர், "ஜான்சி நீதியைத் தன் வீட்டு வாசல்லேர்ந்தே ஆரம்பிச்சிருக்காங்க"ங்கறாரு. ஒரே கைத்தட்டலு. கோயில் பக்கமே வராத சுப்பிரமணியன் வேற வாசல்ல நின்னு தட்டுறான், எல்லாரயும்வுட ஜாஸ்தியா. அதுக்குத்தாம்மா இந்த சால்வை.

நானும் வுடல. கமுக்கமா கொத்தனாரக் கூப்புட்டு, பழையபடி கட்டிடுங்கன்னு சொல்லிட்டேன். இன்னிக்கிக் காலையில அவரு வரணும். நேத்து பேஞ்சிச்சே மழ, வுடிஞ்சி கதவத் தொறக்குறேன், வாய்க்காலுல தண்ணி தொரத்திக்கினு ஓடுது. எதுத்தாப்புல முத்தம்மா, தலையில பலகையோட. அதே கட்டில் பலக. வாய்க்கா மேல குறுக்கப் போட்டு, ஒரு மிதி மிதிச்சிப் பாத்துட்டு, "ராத்திரி ஒரு சொட்டு உள்ள வரலக்கா. இது இனிமே எனக்கு எதுக்கு, நீங்க நடங்க"ன்னிச்சி.

எனக்கு அழுகையே வந்துடுச்சிம்மா. கொத்தனாருக்குப் போன் போட்டு வராதீங்கன்னுட்டேன். அந்தப் பலக மேல நடந்து வந்துதான் பஸ் ஏறுனேன். ஆடுது. ஆனா தாங்குது.

அதுக்காக அந்தப் பொண்ணு பாக்க சால்வைக்கித் தோள நீட்ட முடியுமா? அதான் ஓடியாந்துட்டேன்.

முட்லூரு வந்துடுச்சா? பேசிக்கினே வந்ததுல தெரியல. ஆமா, சிதம்பரத்துல உங்க வூடு எந்தப் பக்கம்? மழைக்கித் தண்ணி நிக்கிதா? நிக்கிதுல்ல, மூஞ்சப் பாத்தாலே தெரியிது. கவலய வுடுங்க, என்கிட்ட பேனா பேப்பரு எல்லாம் இருக்கு, எறங்கறதுக்குள்ள ஒரு மனு எழுதிடலாம். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, உங்க வூட்டுப் படி எது மேல நிக்கிது?

...என்னா, எழுந்துட்டீங்க? சிதம்பரம் இன்னும் வரலியே. எதுக்கும்மா அங்க கம்பியப் புடிச்சிக்கினு தொங்கணும், இங்க வந்து ஒக்காருங்க... ஏம்மா... கொடைய வுட்டுட்டுப் போறீங்க பாருங்க.