வெளிச்சத்தில் குத்திய முத்திரை

— அண்ணே, ஆடாம படு. உன் கால்மாட்டுல ஒரு பெட்டி இருக்கே, அதை யாரு வச்சது?

— வண்டி தள்ளுறவர்தான். ஆபரேஷன் ரூம் வாசல்ல என்னை நிறுத்திட்டு, ஃபைலையும் பெட்டியையும் வச்சுட்டு, "இதோ வந்துட்டேன்"னு போனார். ஆளையே காணோம். ஏன், தின்கிற சாமானா? காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல பாப்பா.

— விளையாடாதே. இது எங்க கம்பெனிப் பெட்டி. முறிஞ்ச தொடை எலும்புக்குள்ள விடுற கம்பி. இடது கால்னு போட்டிருக்கு.

— என் காலும் இடதுதான். அப்படிப் போடு! தங்கச்சி கை பட்ட கம்பி அண்ணனுக்கு. ஏணியிலேருந்து விழுந்தவனுக்கு இதைவிட என்ன கொடுப்பினை வேணும்? எடு, பார்ப்போம்.

— தொடாதே! கிருமி படாம மூடி வச்சிருப்பாங்க. அண்ணே, இதுல என் கை படல. அதான் பயமா இருக்கு.

— என்ன சொல்றே?

— மேல ஒட்டியிருக்கிற கார்டைப் பாரு. பதினேழு. அது என் முத்திரை. பக்கத்துல முப்பத்தொண்ணுன்னு கம்பி நம்பர். தேதியும் அதே தேதிதான், ரெண்டு மாசத்துக்கு முந்தி.

— நீ பார்த்துக் குத்துனதுன்னா நல்லதுதானே?

— பார்க்காம குத்துனது.

— பாப்பா!

— கத்தாதே. சொல்றதைக் கேளு. ஒவ்வொரு கம்பியையும் சாயத்துல முக்கி, கழுவி, இருட்டறையில நீல விளக்குக்குக் கீழ புரட்டிப் பார்ப்போம். முடி கனத்துக்கு விரிசல் இருந்தாக்கூடப் பச்சையா மின்னும். மின்னலைன்னாதான் அதோட கார்டுல முத்திரை குத்தணும்.

— சரி, முறையாத்தானே இருக்கு.

— முறை அதுதான். ஆனா இருட்டுல குத்துனா முத்திரை கோணிக்கும். கோணலா இருந்தா பேக்கிங்ல திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால காலையிலேயே வெளியில வெளிச்சத்துல உட்கார்ந்து, ஒரு தட்டுக் கம்பிக்கான நாப்பது கார்டுக்கும் மொத்தமாக் குத்திக்கிட்டுத்தான் உள்ளே போவோம். நான் மட்டுமில்ல, எல்லாரும்தான். விரிசல் கண்டா அந்தக் கார்டைக் கிழிச்சுப் போட்டுடுவோம்.

— பிள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடியே பேர் வச்ச கதையால்ல இருக்கு.

— அன்னிக்கு இருபத்திரெண்டு பார்த்து முடிச்சேன், விளக்கு புஸ்ஸுனு போச்சு. வேற விளக்கு மறுநாள்தான் வரும்னாங்க. தட்டை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். காலையில போய்ப் பார்த்தா தட்டு காலி. அடுத்த ஷிப்டு ஆளு, எல்லாக் கார்டுலயும் முத்திரை இருக்கேன்னு நாப்பதையும் கட்டி அனுப்பிட்டான்.

— நீ யார்கிட்டயும் சொல்லலையா?

— சொல்லல. ஏற்கெனவே ஒரு தடவை என்கிட்ட விளக்கம் எழுதி வாங்கி வச்சிருக்காங்க. இன்னொண்ணுன்னா வாசலோட அனுப்பிடுவாங்க. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னே ரெண்டு மாசம் ஓடிப் போச்சு.

— இருபத்திரெண்டு வரைக்கும்தான் பார்த்தே. இது முப்பத்தொண்ணு.

— ஆமாண்ணே.

— விரிசல் இருந்தா என்ன ஆகும்? மறைக்காம சொல்லு.

— முதல்ல ஒண்ணும் தெரியாது. எழுந்து நடப்பே. நடக்க நடக்க விரிசல் ஓடும். என்னிக்காவது சாதாரணமா ஒரு எட்டு வைக்கிறப்போ, தொடைக்குள்ளேயே ரெண்டாப் போயிடும்.

— போதும், நிறுத்து. கரெண்டு வயர்ல கை வச்சுப் பிழைக்கிறவன் நான். எனக்கே இதுக்கு மேல கேட்க முடியாது.

— டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்.

— உன் வேலை?

— போகட்டும். ஜெயில்னாலும் போறேன். இந்தக் கம்பி உனக்குள்ள போகக் கூடாது. அதோ, வண்டிக்காரர் வர்றார். ஐயா! ஐயா, நான் டாக்டரை இப்பவே பார்க்கணும்!

— பதறாதீங்கம்மா. நம்ம வேலை தள்ளுறது, அவங்க வேலை வெட்டுறது. அவசரப்பட்டா ரெண்டுமே கோணிப் போகும். என்ன விஷயம்?

— இந்தப் பெட்டியில இருக்கிற கம்பியை எங்கண்ணனுக்குப் போட வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

— அட, இதுவா! இது காலிப் பெட்டிம்மா. தூக்கிப் பாருங்க, காத்துதான் இருக்கு. காலையில முதல் ஆபரேஷன் ஒரு பஸ் டிரைவருக்கு. கம்பி அவர் தொடைக்குள்ள போயாச்சு. இந்தக் கார்டை அவர் ஃபைல்ல ஒட்டணும், திரும்புற வழியில குடுக்கலாம்னு இங்க வச்சேன். உங்க அண்ணனுக்கு வேற கம்பெனிது, இன்னும் பிரிக்கவே இல்ல.

— காலியா? ஐயோ, என் வயித்துல பாலை வார்த்தீங்க! அண்ணே, கேட்டியா? உனக்கு இல்ல! உனக்கு இல்லண்ணே!

— கேட்டேன்.

— டாக்டரைப் பார்க்கணும்னீங்களேம்மா?

— ஒண்ணுமில்லீங்க. மயக்க ஊசி வலிக்குமான்னு கேட்கலாம்னு... வேற ஒண்ணுமில்ல. வண்டியைத் தள்ளுங்க, நேரமாகுது.

— பாப்பா. என் மூஞ்சியைப் பாரு.

— எதுக்குண்ணே? அதான் கண்டம் தப்பியாச்சே. இந்த நேரத்துல வேற பேச்சு வேண்டாம்.

— ஐயா, அந்த டிரைவர் எப்படி இருக்கார்?

— மூணாம் வார்டுல ஜம்முனு படுத்திருக்கார். நாளைக்குக் காலையில எழுப்பி நடக்க வைக்கப் போறாங்க. அவர் சம்சாரம் எல்லார் கையையும் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது, என் கையைக்கூட.

— அண்ணே, அப்படிப் பார்க்காதே. ஊரான் காலுக்காக என் பிழைப்புல மண்ணைப் போட்டுடாதே. அதுல விரிசல் இருந்தே தீரணும்னு என்ன கட்டாயம்? நல்லதாவும் இருக்கலாம்ல?

— கதவைத் திறந்தாச்சு சார், கூப்பிடுறாங்க. காலை அசைக்காம வச்சுக்குங்க, உள்ளே போலாம்.

— உள்ளே வேண்டாம் ஐயா. வண்டியை மூணாம் வார்டுக்குத் திருப்புங்க. என் தங்கச்சி அங்கே ஒருத்தர்கிட்ட பேசணும்.