கருகாத தேதி

—அண்ணா, என்னமோ கருகுற வாடை வருது.

—வரும். உன் வேலை உத்தரவுதான்.

—என்னது?

—பதறாதே. முதல்ல டீயைக் கொட்டினேன். அப்புறம் ஈரம் போகட்டுமேன்னு இஸ்திரிப் பெட்டியை வச்சேன். எல்லாம் நல்ல எண்ணத்துலதான்.

—உன் நல்ல எண்ணத்துல... கொடு இங்க. நடுவுல பழுப்பா ஒரு முக்கோணம்.

—உன் பேர் இருக்கு. 'சமூகப் பணியாளர்'னு இருக்கு. சேர வேண்டிய தேதி இருக்கு. 'பணியிடம்'னு ஒரு வரி, அது மட்டும்தான்...

—அது மட்டும் எப்படிண்ணா?

—பெட்டிக்கு மூக்கு கூர். ஆமா... எந்த ஊர் போட்டிருந்தான்?

—ஏதோ ஒரு ஊர். பெட்டியை நிமிர்த்தி வை, மேஜையும் புகையுது.

—பேச்சை மாத்தாதே.

—கிடைச்ச இடத்துக்குப் போறேன். இந்த வட்டாரத்துல நம்ம படிப்புக்கு வேலையே இல்லேன்னு நீதானே சொல்லுவ?

—இல்லதான். ஆஸ்பத்திரியில ஒரு இடம், வரிசையில அறுபது பேர். பள்ளிக்கூடத்துல ஒண்ணு, அதுவும் பதினோரு மாச ஒப்பந்தம். என்னையே எடுத்துக்கோ. தங்கப் பதக்கம் வாங்கிட்டு இப்போ கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறேன்.

—கத்துக்கொடுக்கிறியா... பக்கத்துல உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிற.

—மிதிச்சா வண்டி நிக்குதுல்ல. பழைய வேலையில அதுகூட நடக்கலை.

—மலைப்பக்கம் எட்டு இடம் காலியாக் கிடக்குண்ணா. வேலை இருக்கு. நிக்கிற ஆள்தான் இல்ல.

—யாரைக் குத்துற?

—பொதுவாச் சொன்னேன்.

—அந்த எட்டுல ஒண்ணா உனக்கு?

—முதல்ல அந்தப் பெட்டியோட பிளக்கைப் பிடுங்கு.

—நான் இருந்த ஆபீஸா?

—உனக்கெப்படித் தெரியும்? அந்த வரியே கருகிப்போச்சே.

—ஒரு... ஊகம்தான்.

—ஊகமா? டீக்கறை மேல் ஓரத்துல இருக்கு. பெட்டி வச்சது நடுவுல. படிச்சுட்டுத்தான் அழுத்திப் பிடிச்சிருக்க.

—டீ தானாத்தான் கொட்டிச்சு, சத்தியமா. பெட்டியை மட்டும்... கொஞ்சம் கூடுதலாப் பிடிச்சுட்டேன்.

—ஊர் பேரை எரிச்சா ஊர் இல்லாமப் போயிடுமா?

—இன்னிக்கு ஒரு நாளாவது இல்லாம இருக்கட்டுமேன்னு பார்த்தேன். கேளு... நாப்பது ஊருக்கு நீ ஒருத்தி. ஒரே ஜீப், அதுவும் மேலதிகாரி வீட்டுக்குக் கறிகாய் வாங்கப் போயிருக்கும். அடிபட்ட பிள்ளையைப் பார்க்கப் போனா, அப்பன்காரன் கட்டையோட வாசல்ல நிப்பான்.

—நிக்கட்டும். நானும் நிப்பேன்.

—அம்மாகிட்ட சொல்லிடுவேன்.

—சொல்லேன். அங்க உட்கார்ந்து என் துணியை மடிச்சு வைக்கிறதே அம்மாதான்.

—ஓ... அப்போ எனக்குத்தான் கடைசியாத் தெரியுதா?

—உனக்குச் சொன்னா இந்த மாதிரி இஸ்திரி போடுவியோன்னு பயம். சரி, நான் ஒண்ணு கேட்கவா? மலை வேலையில ஒப்பந்தம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லித்தானே வந்த?

—ஆமா. முடிஞ்சது.

—அண்ணா...

—முடியலை. இன்னும் நாலு மாசம் இருந்துச்சு. ஒரு நாள் காலையில ஆபீசுக்குப் போற பஸ்ஸை விட்டுட்டு எதிர்ப் பஸ்ஸுல ஏறிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. போதுமா?

—போதும்.

—அப்போ நீயும் நேராச் சொல்லு. சுத்தி வளைக்காம. வேற எங்கயும் கிடைக்கலேன்னு போறியா? இல்ல, என்னைக் கேலி பண்ணவா? ஏன் அந்த ஆபீஸ்?

—கிடைச்சதுண்ணா. அந்த ஆஸ்பத்திரி இடம் எனக்குத்தான் வந்துச்சு. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். மலையில நேர்காணலுக்குப் போனப்ப பழைய கோப்பு ஒண்ணைக் கையில கொடுத்து, நீங்களா இருந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. ஒரு அம்மா, ரெண்டு பிள்ளைங்க. பேரையெல்லாம் மறைச்சிருந்தாங்க, உன் கோழிக்கிறுக்கலை எப்படி மறைக்கிறது? கடைசி வரி, 'அடுத்த வியாழன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.' அதுக்கப்புறம் மூணு வருஷமா அந்தப் பக்கத்துல யாரும் ஒரு எழுத்து எழுதலை. சேர்ற தேதியை நான்தான் கேட்டு வாங்கினேன். அது கருகலை, எடுத்துப் பாரு... வியாழக்கிழமை.