ஆறாவது ஜோடிச் செருப்பு

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, பொரித்த சோயாத் தெம்பேயை எனக்கு முன்பே சுவைக்கத் தொடங்கிவிட்ட ஊர்த்தலைவர் சுகெங் அவர்களே! கிராம்புச் சுருட்டுப் புகைக்குப் பின்னால் புன்னகைக்கும் பெரியோர்களே! மக்காச்சோளத்தைக் காயவிட்டு மைதானம் நாடி வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் பர்தினாவின் பணிவான வணக்கம்.

வாலிபால் தொடங்க என்ன வேண்டும்? பொன் வேண்டுமா? பொருள் வேண்டுமா? இந்தப் பக்கம் ஒரு தென்னை, அந்தப் பக்கம் ஒரு பலா, இடையே கெளுத்திக் குளத்துப் பழைய வலை, ஒரே ஒரு பந்து. எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பு எதற்கு? கழற்றிய செருப்புகளை வரிசையாக வைத்தால் போதும். எல்லாம் இருக்கிறது. அணிக்கு ஆறு பெண்கள் வேண்டும், ஆள்தான் ஐந்து. அதனால் கோட்டில் ஒரு ஜோடிக்கு இடைவெளி. இன்று மாலைக்குள் ஆறாவது ஆள் இறங்காவிட்டால், நாளைக் காலை சிமெண்டு மூட்டை இறங்கும். இந்தக் களம் சோளம் காயப்போடும் தளமாகும். தலைவர் சொல்லிவிட்டார். அதோ, தலையும் ஆட்டுகிறார்.

ஆட்டம் எளிது. முழங்காலை மடக்கு, கைகளைச் சேர், "என்னுது!" என்று கத்து. இந்த மூன்றாவதில்தான் நாம் சறுக்கினோம். போன ஞாயிறு பக்கத்து ஊர்ப் பெண்களோடு ஆடினோம். நம் துகினெமுக்கும் மர்சியாவுக்கும் நடுவே பந்து வந்தது.

"நீங்க எடுங்கக்கா."

"அய்யய்யோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்களே எடுங்க."

பந்து காத்திருக்கவில்லை. இப்படியே இருபத்தைந்து புள்ளி போயிற்று, அத்தனையும் மரியாதையால் போனவை. ஆறாவது ஆள் தேடி நாற்பது வீடு ஏறினேன். நாற்பது வீட்டிலும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள்.

என்ன வகியெம், கூட்டத்திலிருந்து கை தூக்குகிறாய்? உரக்கச் சொல்லம்மா.

"ஏங்க்கா, ஒரு மாசமா நாற்காலியில உக்காந்து பாயிண்ட் எண்ணுறீங்களே, நீங்க ஏன் இறங்கல?"

நல்ல கேள்வி. வேறு யாராவது பதில் சொல்கிறீர்களா? இல்லையா? சரி.

பயம், தாய்மார்களே! ஐம்பத்து மூன்று வயதில் பந்தைத் தவறவிட்டால் ஊர் சிரிக்குமே என்ற பயம்! அதற்கு மரியாதை என்று பெயர் வைத்து உங்களை முன்னே தள்ளினேன். ஆனால் இந்தக் களம் போனால், நாம் வாய்விட்டுக் கத்த வேறு இடம் ஏது? அடுக்களையா? வயலா? மாமியார் வீடா?

இதோ, கழற்றிவிட்டேன். துகினெம், இந்தச் செருப்பை அந்த இடைவெளியில் வை. அந்த இடம் என்னுது! என்னுது! என்னுது!

தலைவர் அவர்களே, எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு செருப்பு இருக்கிறது. பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

வகியெம், நாற்காலி காலி. வந்து பாயிண்ட் எண்ணு.