கடல் தண்ணீரும் குச்சிக்கிழங்கும்

யுத்த காலம்; பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்கள் கரியில் ஓடின. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் கரி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கொல்லிமலைத் தம்பதி. மெட்ராஸ் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த அம்மாள் சொன்னதில் என் தூக்கம் கலைந்தது.

“கடல் தண்ணியத் தொட்டுக்கிட்டுக் குச்சிக்கிழங்கு தின்ன மனுசன் நீங்க ஒருத்தர்தானுங்க.”

“நீ உப்பு எடுத்தார மறந்துட்ட. எதுத்தாப்புல அம்புட்டு உப்புத்தண்ணி கெடக்குது. வெறுங்கிழங்கா திங்கறது?”

“உயிர் காலேசுல கூண்டுப் புலியச் சுத்தி நின்ன கூட்டமாட்ட உங்களச் சுத்தி நின்னுச்சு. சுண்டல்காரன் யாவாரத்தையே விட்டுட்டான்.”

“அவன் சுண்டலும்தான் தின்னோம். கிழங்காட்ட வருமா?”

மலை கண்ணில் பட்டதும் கணவர் காலடியிலிருந்த கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன புள்ள, இந்தக் கனம் கனக்குது?”

“ரெண்டு போசி கடல் தண்ணிங்க. இந்த வாரம் சந்தையில உப்பு வாங்க வேண்டாம்.”

“அடக் கூறு கெட்டவளே, உப்பைவிட இது கனமாச்சே! எப்படி மலை ஏத்துவ?”

“உப்புன்னா பொம்பளைதான் சுமக்கோணும்னீங்க. வாராவாரம் சுமந்தேன். கடல் தண்ணிய யாரு சுமக்கோணும்னு நம்ம ஊட்டுல இன்னும் யாரும் சொல்லலீங்களே.”

சேந்தமங்கலத்தில் பஸ் நின்றது. அவர் தோள் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டார்.