மாமனார் போட்ட மோதிரம்

மனைவியின் சொல்லைத் தட்டாதவன் என்று நாவுல ஊரில் எனக்கு நல்ல பெயர் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. விசாரித்துப் பாருங்கள். தயாளினி சுவருக்குப் பச்சை நிறம் கேட்டாள், பூசினேன். மீசை வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன்.

தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டி, கையில் காசோடு திரும்புகிறவன் நான். அதனால்தான் கைத்துப்பாக்கிக்கு லைசன்ஸ் எடுத்தேன். குறி என்பது கண்ணில் இல்லை, பிடியில் இருக்கிறது. கை பிடியில் உயர ஏறி உட்கார வேண்டும். மற்றக் கை அதை அணைக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் நடுங்கும், தளர்த்தினால் துள்ளும். விசையை இழுக்கும்போது ஒரு விரல் மட்டுமே அசைய வேண்டும். சாப்பாட்டு மேசையில் இதை நான் விளக்காத நாள் குறைவு. தயாளினி சோறு போட்டபடியே கேட்பாள்.

புத்தாண்டுக்கு அவளுடைய அண்ணன் லோஜன் குடும்பத்தோடு வந்திருந்தான். வேலிக் கம்பத்தில் வெறும் பால்மா டின்னை வைத்துச் சுட்டுக் காட்டினேன். டின் அசையவில்லை. மறுபடி சுட்டேன். வேலிக்கு அப்பால் மரத்திலிருந்து ஒரு பப்பாசிப் பழம் விழுந்தது.

"மச்சான், இனி குரங்குங்க ஒங்க தோட்டத்துக்குத் தைரியமா வரலாம்," என்றான் லோஜன்.

மாமனார் கல்யாணத்தில் போட்ட தடித்த மோதிரம் பிடியில் இடிக்கிறது என்றேன். அது உண்மை. தயாளினி மா பிசைந்த கையைத் துடைத்துவிட்டு வந்து துப்பாக்கியை வாங்கினாள். முதல் வெடியிலேயே டின் பறந்தது.

"இவரு சொல்லிக்குடுத்த மாதிரிதான் பிடிச்சேன்," என்றாள் அண்ணனிடம். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எங்க அப்பா மோதிரம்தான் இடிக்குதுன்னா, அதக் கழட்டி வச்சிட்டுச் சுட்டுப் பாருங்களேன்."

பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கெட்ட மனதோடு எதையும் பேசுகிறவள் அல்ல.

லோஜன் வாய் சும்மா இருக்காது. அடுத்த வாரம் தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள்வரை "பப்பாசி முதலாளி" என்று என்னிடம் நலம் விசாரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

நேற்றுக் காலை குளியலறையில் மோதிரத்தைக் கழற்றினேன். விரல் பருத்துவிட்டதால் சவர்க்காரம் போட வேண்டியிருந்தது. நேரம் எடுத்தது, நான் அவசரப்படவில்லை. வெளியே வந்தபோது தயாளினி அதே வேலியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். பிடியைச் சரிபார்த்தேன். ஒரு விரல் மட்டுமே அசைந்தது. ஒரே வெடி.

மோதிரம்தான் காரணம் என்று சொல்ல அவளிடம் ஓடினேன். கேட்கும் நிலையில் அவள் இல்லை. அந்தக் குறை எனக்கு என்றைக்கும் இருக்கும்.

நான் ஆத்திரத்தில் செய்தேன் என்று லோஜன் உங்களிடம் சொன்னானாம். ஆத்திரக்காரன் கை அப்படி நிதானமாக நிற்காது, ஐயா. அவள் சொன்னாள், நான் செய்தேன். அவ்வளவுதான்.

சவர்க்காரப் பெட்டியிலிருந்து உங்கள் ஆட்கள் எடுத்துப்போன மோதிரத்தை மட்டும் திருப்பித் தாருங்கள். நாளைக்குச் செத்த வீட்டில் நாலு பேர் பார்ப்பார்கள். கல்யாணமான மனிதன் வெறும் விரலோடு நின்றால் நன்றாக இருக்காது.