நான் தூசி என்று துடைத்த மூன்று புள்ளிகள்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத்தின் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரரே, அக்கா பெற்ற மகளே, அவரோடு வேலை பார்த்த செல்லங்களே, இணையத்தில் பக்கம் போட்டுப் பிழைக்கிற என் சக கடைக்காரர்களே, எல்லோருக்கும் பூட்டுக்காரனின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் காகிதம் வைத்துப் பேசினார்கள். என் பையில் இருப்பது சாவிக்கொத்து. அதைப் பார்த்துப் பேசினால் யார் யார் வீட்டுக் கதவோ ஞாபகம் வரும், வம்பு. அதனால் இதோ, மாலை போட்ட அக்காவின் படத்தைப் பார்த்தே பேசிவிடுகிறேன்.

யார் இந்த அக்கா? நம்மைப் போன்றவர்கள் நாமே உட்கார்ந்து நம் கடைக்கு ஒரு இணையப் பக்கம் கட்டிக்கொள்ள வழி செய்து தருகிற நிறுவனம் இது. இங்கே புதுவசதிப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அக்கா. அது மேசை மேல் எழுதியிருந்த பட்டம். ஆபீஸ் கொடுத்த பட்டம் வேறு: பொறுங்க அக்கா!

அந்தப் பட்டம் சும்மா வந்ததா? நான் இங்கே முதல் தடவை வந்ததே மீட்டிங் ரூம் பூட்டு இறுகிப்போய், மொத்த டீமும் உள்ளே மாட்டிக்கொண்ட அன்றைக்குத்தான். நான் வெளியே மண்டிபோட்டு ஸ்க்ரூ கழற்றுகிறேன். உள்ளே சண்டை. புது அப்டேட்டை அன்று சாயங்காலமே விட்டுவிட வேண்டும் என்று ஒரே கூச்சல். நடுவில் ஒரு குரல்: "பொறுங்க. வெளியாள் ஒருத்தர் பார்க்கட்டும்."

"வெளியாளுக்கு எங்கக்கா போறது? நாமளே உள்ள கிடக்கோம்!"

"ஏன், கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காரே!"

கதவு திறந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை நன்றி இல்லை. "அண்ணே, இப்படி உக்காருங்க. உங்க கடைக்கு ஒரு பக்கம் போடுங்க பார்ப்போம்."

உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன். கடைப் பெயர், போன் நம்பர், ஒரு சாவி படம். முடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக மூடினேன். மறுபடி திறந்தால் ஒன்றும் இல்லை! ஒரு தம்பி கேட்டார், "சேமிக்கலையா அண்ணே?"

"நானா? எந்தக் காலத்துல தம்பி சேமிச்சேன்? என் வீட்டுக்காரியைக் கேளு, விடிய விடியச் சொல்வா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "கதவைச் சாத்தினா உள்ள இருக்கிற சாமான் காணாமப் போற வீட்டை நாமதானே கட்டியிருக்கோம்? இவர் என்ன பண்ணுவார்?" என்றார். அப்டேட் நின்றது. போட்டது தானாகவே பதிந்துகொள்கிற மாதிரி செய்த பிறகுதான் வெளியே போனது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. எந்தப் புது வசதியானாலும் நான் முதலில் உட்கார வேண்டும். எனக்குப் பின்னால் டீம் நிற்கும். யாரும் வாய் திறக்கக் கூடாது. "அங்க அமுக்குங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை வந்தால், சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். அதிகமாக டீ வாங்கியவர் யார் தெரியுமா? அக்காவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிற நம் 'அவசரம்' தம்பி. அதோ, குனிந்து கொள்கிறார் பாருங்கள்! அவர் வாங்கிக் கொடுத்தே எனக்குத் தொப்பை வந்தது.

இந்தக் கூட்டத்தில் தையல்கார அம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் தன் இணையப் பக்கத்திலிருந்து ஒரு படத்தை நீக்கப்போய் எல்லாம் கலைந்துவிட்டது. அக்காவிடம் போனில் அழுதார். அக்கா சரிசெய்து கொடுத்தார். ஆனால் பயம் போகுமா? அந்தம்மா கடையை வேறு தெருவுக்கு மாற்றியும், பக்கத்தில் பழைய முகவரியே கிடக்கிறது. தொட மாட்டேன் என்கிறார். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களெல்லாம் பழைய இடத்துக் கதவைத் தட்ட, இப்போது அங்கே குடியிருக்கிற மனுஷன் என்னைக் கூப்பிட்டு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்!

அந்தம்மாவுக்காக அக்கா தொடங்கியதுதான் 'பழையபடி ஆக்கு' பொத்தான். எதைக் கலைத்தாலும் ஒரே அமுக்கு, முன்னே இருந்த மாதிரி ஆகிவிடும். "கெட்டுப்போயிடுமோன்னு பயப்படறவங்க எதையும் புதுசா செய்ய மாட்டாங்க அண்ணே. பயத்தை எடுத்துட்டா அவங்களே நம்மளைத் தாண்டிப் போயிடுவாங்க" என்றார். அந்த வேலை முடிகிற நேரத்தில், ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஆளைப் பழையபடி ஆக்குகிற பொத்தான் எவரிடமும் இல்லையே!

சற்று முன் தலைவர் அறிவித்தார், அக்காவின் நினைவாக அந்தப் பொத்தானை இன்று சாயங்காலமே வெளியிடுகிறோம் என்று. கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன்?

நேற்று நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். என் பக்கத்தை நானே கலைத்தேன். சாவி படத்தை இழுத்துப் போன் நம்பர் மேலேயே உட்கார வைத்தேன். பிறகு பொத்தானைத் தேடினேன். தேடினேன், தேடினேன், கிடைக்கவில்லை! திரும்பிப் பார்த்தால் அவசரம் தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. அக்கா இருந்தவரை ஒரு தடவையாவது அந்த வாய் மூடியிருக்குமா!

கடைசியில் நான் தோற்றேன் என்று சொன்ன பிறகுதான் காட்டினார். ஓரத்தில் மூன்று புள்ளி. அதற்குள்ளே பொத்தான். ஐயா, அந்த மூன்று புள்ளியை நான் பார்க்காமல் இல்லை. தூசி என்று நினைத்துச் சட்டை முனையால் துடைத்தேன்!

தலைவர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று விட்டால், பயந்து போயிருக்கிற அந்தத் தையல்கார அம்மாவும் என்னைப் போலத் தூசிதான் துடைப்பார். கிடைக்காத பொத்தானை அக்கா பெயரில் விடலாமா? அக்கா இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

அதோ, தலைவர் தலையாட்டுகிறார். என்ன சொன்னீங்க ஐயா? மைக்கில் சொல்லுங்க, எல்லோருக்கும் கேக்கட்டும்... "தள்ளி வைக்கிறோம்." கேட்டுக்கொண்டீர்களா? இப்போது தட்டுங்கள் கையை!

அவசரம் தம்பி, அந்தப் பொத்தானைப் புள்ளிக்குள்ளிருந்து வெளியே கொண்டு வா, கண்ணுக்கு முன்னால் வை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன். அக்காவின் வேலை நிற்காது, அதற்கு நான் பொறுப்பு. நான் ஜெயித்த பிறகு அதே நாற்காலியில் தையல்கார அம்மா உட்காரட்டும். பழைய முகவரியைத் தன் கையாலேயே அழித்துப் புதுசைப் போடட்டும். தப்பாகப் போட்டாலும் போடட்டும், அதற்குத்தானே பொத்தான்! அன்றைக்கு எல்லோரும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், டீ என் செலவு.

தையல்கார அம்மா, தாயே, இன்னும் கொஞ்ச நாள்தான். அக்கா சொல்லியிருக்கக்கூடியதை நான் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

பொறுங்க.