மனை அவளுக்கு, வீடு எனக்கு

…அதுக்குன்னு வாசப்படி வரைக்குமா சார் பூசணி போடுவாங்க? பாத்து வாங்க, கொடிய மிதிச்சிட்டா தங்கச்சி வந்து நிப்பா. எதிர் வீடுதான். நான் வீட்ட விக்கப்போறேன்னு தெரிஞ்சதுலேருந்து ஜன்னல விட்டு நகர மாட்டேங்கறா. உள்ள வாங்க.

இந்தக் கதவத் தட்டிப் பாருங்க. தேக்கு. நானே இழைச்சது. முப்பது வருஷமா தச்சு வேலதான் சார். எட்டு ஜன்னலும் என் கைவேலதான். பாத்ரூம் கதவு மட்டும் மழைக்கு உப்பிக்கும், ஒரு இடி இடிச்சா தொறந்துக்கும். அத விடுங்க. என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், பூசணி.

அப்பா போனப்புறம் பாகம் பிரிச்சோம். நானும் தங்கச்சியும் ரெண்டே பேர். அவ நில அளவை ஆபீஸ்ல இருக்கா, எந்நேரமும் டேப்பும் கையுமா. கட்டடம் எனக்கு, மனை அவளுக்குன்னு பத்திரம் ஆச்சு. மறுவாரமே வந்துட்டா சார். சுவத்த ஒட்டிச் சுத்திக் கயிறு கட்டினா. "அண்ணே, கயித்துக்கு உள்ள உன்னுது, வெளிய என்னுது"ன்னா. நடக்கறதுக்கு வழி வேணாமான்னு சண்ட போட்டேன். வாசல்லேருந்து தெரு வரைக்கும் மூணடி வழி விட்டா, மிச்ச எடம் பூரா பூசணி போட்டுட்டா. வழிய அளந்து பாத்தேன், ஒரு நூல் கூடக் கொறையல.

துணி காயப்போட வெளிய ஒரு கம்பம் நட்டேன். சாயங்காலம் கம்பமும் துணியும் வாசல்ல இருக்கு. துணிய மடிச்சு வேற வெச்சிருக்கா! என் வீட்டுக்காரி என்னடான்னா, நல்லா மடிச்சிருக்காங்கன்னு அவ வீட்டுல போயி டீ குடிச்சிட்டு வர்றா. ஒரு பூசணியும் கையோட.

பொறுக்க முடியாம வக்கீலப் பாத்தேன். நிலம் இல்லாம வெறும் கட்டடம் ஒரு சொத்தா, இல்லையான்னு கேட்டேன். அவரு பத்திரத்தப் படிச்சாரு, கண்ணாடியக் கழட்டினாரு. பொதுவா நிலம் போற வழிதான் கட்டடமும் போகுமாம். நாங்க எழுதி வெச்சு ரெண்டையும் பிரிச்சிட்டோமாம். "வீடு உங்க சொத்துதான், தாராளமா விக்கலாம். வாங்கறவன் எங்க நிப்பான்?"னாரு.

என்ன கேக்கறீங்க? அப்படி யாரு எழுதச் சொன்னாங்களா… தண்ணி எதாவது குடிக்கறீங்களா?

நான்தான் சார்.

அவ எல்லாத்தயும் பாதிப் பாதியா வெச்சிக்கலாம்ணேன்னுதான் சொன்னா. எனக்குத்தான் கொழுப்பு. வீட்ட நம்ம எடுத்துக்கிட்டா, அடியில கெடக்கற மண்ண அவ என்ன பண்ணப்போறான்னு ஒரு கணக்கு. பத்திரம் எழுதறவரு ரெண்டு தடவ கேட்டாரு. அவளும், "அண்ணே, நல்லா யோசிச்சியா?"ன்னா. பேனாவ அவ கையில திணிச்சதே நான்தான். உதட்டக் கடிச்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டா. பாவம், அழுகைய அடக்கறான்னு நெனச்சேன். சிரிப்ப அடக்கியிருக்கா சார்!

என்ன, எந்திரிச்சிட்டீங்க? மாடி இன்னும் பாக்கலியே… எதிர் வீட்டுக்கா? மனையப் பத்திப் பேசவா? சரி, போங்க. நல்லாத்தான் பேசுவா.

சார்… ஒரு நிமிஷம். அந்தப் பாதிப் பாதின்னு சொன்னது இன்னும் நிக்குதான்னு அப்படியே கேட்டுட்டு வாங்களேன். நீங்களா கேக்கற மாதிரி.